வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொன்ன பிறகு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வைத்தியசாலையில் துண்டு வெட்டி, “இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்” என்று சொல்லி அனுப்பும் நாளைப் பற்றியும் அதற்குப் பின் வரும் நாட்களைப் பற்றியும் எழுதப்பட்டவை. தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே பல குடும்பங்கள் அந்த வார்த்தையை விளங்கிக்கொள்கின்றன. உண்மையில் அன்று நடப்பது, சிகிச்சையின் பெரும் பங்கு விடுதியிலிருந்து உங்கள் கைக்கு மாறுவதுதான். மாறுகிற வேலையை, நோயாளி விடுதியில் இருக்கும்போதே, உங்கள் கையால் செய்ய வைத்துக் கற்றுத் தரும்படி தாதியரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர்களுக்கு வேலைப் பளு அதிகம் என்பதை விடுதியில் பல காலம் வேலை செய்தவள் என்ற முறையில் நான் அறிவேன், ஆனாலும் கேளுங்கள். கேட்டவர்களுக்கு மறுத்த தாதியரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமிக்கு வயது 68. பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. மூக்கில் ரியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இப்போது இடுப்புக்குக் கீழே முதுகுப் பக்கம் சிவந்து வருகிறது. எண்ணெய் போட்டு நன்றாக உரஞ்சச் சொல்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்க வார்த்தால் கை கால் வந்துவிடும் என்றும் சொல்கிறார்கள். மாமி திரும்ப நடப்பாரா?
வாசகி, உவர்மலை

பதில்: முதலில் அந்தச் சிவப்பைப் பாருங்கள். மற்றவை ஒரு நாள் பொறுக்கும், அது பொறுக்காது. சிவந்த இடத்தை விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் அங்கே இரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். மேலே தோல் முழுமையாக இருந்தாலும் உள்ளே தசை நசிந்திருக்கக்கூடும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாக அல்லது கடினமாக இருக்கிறதா என்று தொட்டும் பாருங்கள். அங்கே எண்ணெய் போட்டு உரஞ்சவே கூடாது, ஏனென்றால் ஏற்கெனவே நசிந்த மெல்லிய இரத்தக் குழாய்கள் அந்த உரஞ்சலில் அறுந்துவிடும். வளையம் போன்ற காற்று மெத்தையை இடுப்பின் கீழ் வைப்பதும், தண்ணீர் நிரப்பிய கையுறையைக் குதிக்காலின் கீழ் வைப்பதும் நம் ஊரில் பரவலாக நடக்கின்றன. வளையம் தன்னைச் சுற்றியுள்ள தோலை அழுத்தி நடுப்பகுதிக்குப் போகும் இரத்தத்தைத் தடுக்கிறது. கையுறையோ குதிக்காலின் பாரத்தைக் குறைப்பதே இல்லை. இரண்டையும் விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை படுக்கையில் நிலையை மாற்றுங்கள். முழுப் பக்கவாட்டில் திருப்பினால் இடுப்பெலும்பின் மேல் பாரம் விழும். முதுகின் பின்னால் ஒரு தலையணையைச் செருகிச் சிறிது சாய்த்தால், அதாவது 30 பாகை அளவில், பாரம் எலும்பில் படாமல் சதையில் படும். இன்னொரு தலையணையைக் கெண்டைக்கால்களின் கீழே நீளமாக வைத்தால் குதிக்கால்கள் கட்டிலில் படாமல் நிற்கும். இழுத்துத் திருப்பாதீர்கள், மாமியின் கீழே மடித்த சேலை ஒன்றை விரித்து, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கித் திருப்புங்கள். வீட்டில் பலர் மாறி மாறிப் பார்ப்பதால் சுவரில் ஒரு தாளை ஒட்டி, 6 மணி இடப்பக்கம், 8 மணி மல்லாந்து, 10 மணி வலப்பக்கம் என்று எழுதி, செய்தவர் தன் எழுத்தை இட வேண்டும். கட்டில் முழுவதும் றெக்சின் விரித்திருந்தால் திருகோணமலை வெயிலில் முதுகு வியர்த்து ஊறும். றெக்சினை இடுப்பளவுக்கு மட்டும் வெட்டி, அதன் மேல் பருத்தித் துணி விரித்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். சிவப்பு இரண்டு நாளில் குறையாவிட்டாலும், தோல் கழன்றாலும், மணம் வந்தாலும் வைத்தியசாலைக்குக் காட்ட வேண்டும்.

ரியூப் வழியாகக் கொடுக்கும்போது தலையும் மார்பும் குறைந்தது 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கொடுத்து முடித்த பின்னும் ஒரு மணித்தியாலம் அப்படியே இருத்துங்கள். உணவு இரைப்பையிலிருந்து மேலேறி நுரையீரலுக்குள் போவதுதான் பாரிசவாத நோயாளிகளைத் திரும்ப விடுதிக்குக் கொண்டுவரும் பெரிய காரணங்களில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் முன், மூக்கு நுனியில் இட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிஞ்சை அமுக்கித் தள்ளாமல் உயர்த்திப் பிடித்து, உணவு தானாக இறங்க விடுங்கள். முன்னும் பின்னும் சிறிது கொதித்தாறிய தண்ணீர் விட்டால் ரியூப் அடைக்காது. இருமல் வந்தாலோ முகம் நிறம் மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும். ரியூப் கழன்று வந்துவிட்டால் நீங்களே திரும்பப் போட முயலாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். வெறும் கஞ்சித் தண்ணீரை மட்டும் கொடுத்தால் புண் ஆறாது. பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், பால் ஆகியவற்றை அரைத்து வடித்துச் சேர்க்கும் முறையை விடுதித் தாதியிடமோ போசாக்கு ஆலோசகரிடமோ கேட்டறியுங்கள். வாயால் சாப்பிடாதவருக்கும் வாயைக் காலையும் இரவும் துடைக்க வேண்டும். அழுக்கு வாயிலுள்ள கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குப் போகிறது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

விழுந்த கையைப் பிடித்து இழுத்தோ, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பாதீர்கள். அந்தத் தோள் மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் இப்போது வேலை செய்யவில்லை. இழுத்தால் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் தீராத நோவு வரும். கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது கதிரையை நல்ல பக்கத்தில், அவருக்கு இடப்பக்கத்தில், போடுங்கள். இந்த மாற்றத்தை இயன்மருத்துவர் முன்னிலையில் நீங்கள் ஒரு முறை செய்து காட்ட வேண்டும்; பார்த்துக் கற்பதும் செய்து கற்பதும் ஒன்றல்ல.

பேச்சு இல்லை என்பதால் விளக்கம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். வலப்பக்கம் விழும்போது மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படுகிறது. பேச்சு பெரும்பாலோருக்கு அங்கேதான் இருக்கிறது. மாமிக்கு நீங்கள் சொல்வது விளங்கிக்கொண்டிருக்கலாம், சொல் மட்டும் எழும்பாமல் இருக்கலாம். உரக்கக் கத்தாமல், சிறிய வாக்கியமாக, ஆம் இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லக்கூடியதாகக் கேளுங்கள். பேச முடியாத சிலர் சிறு வயதிலிருந்து பாடிவந்த தேவாரத்தை முழு வரியாகப் பாடுவதுண்டு. மனப்பாடமும் இசையும் மூளையில் வேறு வழியாக வருவதே அதற்குக் காரணம். மாலையில் விளக்கு வைத்த பின் பக்கத்தில் இருந்து பாடிப் பாருங்கள், அதுவும் பயிற்சிதான்.

கன்னியாவைப் பற்றி. அந்த ஏழு கிணறுகளின் மேல் நம் மக்களுக்குள்ள நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் வெந்நீரால் மூளையின் பாதிப்பு மாறாது. மேலும் உணர்ச்சி குறைந்த கை காலுக்குச் சூடு தெரியாது, ஈரத் தரையில் இருத்தி எழுப்புவது ஆபத்து, தோல் சிவந்த இடம் ஊறினால் வெடிக்கும். அவர் தானாக இருக்கப் பழகி, தோலும் ஆறிய பின், மனத் திருப்திக்காக ஒரு நாள் கூட்டிப் போகலாம்.

நடப்பாரா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் தர என்னால் முடியாது. முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், ஆறு மாதம் வரை மெதுவாகவும், அதற்குப் பிறகும் சிறிது சிறிதாகவும் வரும். கட்டில் விளிம்பில் பிடிக்காமல் இருக்க முடிகிறதா என்பதுதான் நான் முதலில் பார்க்கும் அடையாளம். அது வந்தால் எழுந்து நிற்பதற்கு நம்பிக்கை உண்டு. கிளினிக்கில் இயன்மருத்துவர் தரும் சொற்ப நேரம் போதாது. அவர் காட்டியதை வீட்டில் நாளுக்கு மூன்று நான்கு தடவை செய்ய வேண்டும். இரத்த அழுத்தக் குளிசைகளை ஆள் தேறிவிட்டார் என்று நிறுத்திவிடாதீர்கள், இரண்டாவது பாரிசவாதம் பலருக்கு அப்படித்தான் வருகிறது. மாமி காரணமின்றி அழுதுகொண்டிருந்தாலும், பயிற்சிக்கு ஒத்துழைக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்தாலும் அதைப் பிடிவாதம் என்று எடுக்க வேண்டாம். பாரிசவாதத்துக்குப் பின் மனச்சோர்வு நோய் வருவது வழமை. அதற்கு மருந்து உண்டு.

கேள்வி: அப்பாவுக்கு 81 வயது, மறதி நோய். நான் கடற்றொழில் செய்கிறேன், மனைவியும் வேலைக்குப் போகிறார். கனடாவிலுள்ள அண்ணன் பணம் அனுப்புகிறேன், முதியோர் இல்லத்தில் விடு என்கிறார். ஊர் என்ன சொல்லும் என்று பயமாக இருக்கிறது.
வாசகர், நிலாவெளி

பதில்: ஊர் இரவு 2 மணிக்கு வந்து உங்கள் அப்பாவைக் கடற்கரையிலிருந்து திரும்பக் கூட்டி வரப்போவதில்லை. நீங்கள் கடலுக்குப் போன நேரத்தில் அவர் தனியாக அடுப்பு மூட்டுவதைவிட நல்ல இல்லம் ஒன்று பாதுகாப்பானது என்றால் அங்கே விடுவது பாவமாகாது. விட்ட பிறகு பார்க்கப் போகாமல் இருப்பதுதான் பாவம்.

ஆனால் இல்லத்தைப் பார்த்துத் தெரிய வேண்டும். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதியோருக்குச் சேவை தரும் இல்லங்கள் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடமும் விசாரியுங்கள். சொல்லிக்கொண்டு போகாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய், தானாகச் சாப்பிட முடியாதவருக்கு யார் ஊட்டுகிறார், எவ்வளவு பொறுமையாக ஊட்டுகிறார் என்று நின்று பாருங்கள். படுக்கையில் இருப்பவரின் குதிக்காலும் நகமும் உதடும் அந்த இல்லத்தைப் பற்றி முகாமையாளரைவிட உண்மையாகச் சொல்லும். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், குளிசை கொடுப்பவர் யார், கிளினிக்குக்குக் கூட்டிப் போவது யார், அப்பாவுடன் தமிழில் கதைக்க ஆள் உண்டா என்பவற்றைக் கேளுங்கள். மறதி நோயாளி பிந்திக் கற்ற மொழியை முதலில் இழந்துவிடுவதுண்டு. ஆகவே கொழும்பிலுள்ள வசதியான இல்லம் ஒன்றில் யாரோடும் கதைக்க முடியாமல் இருப்பதைவிட, வசதி குறைந்தாலும் தமிழ் கேட்கும் இடம் அவருக்கு நல்லது. காணி உறுதியை எழுதிக் கொடுத்தால் வாழ்நாள் முழுதும் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், அங்கே விட வேண்டாம்.

கேள்வி: வாப்பாவுக்கு ஈரலில் புற்றுநோய். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் இனி மருந்து ஏற்ற முடியாது என்று மோர்பின் குளிசை தந்து அனுப்பினார்கள். அது போதைப்பொருள், அடிமையாகிவிடுவார், தொடங்கினால் ஆள் முடிந்தது என்கிறார்கள். நாங்கள் கொடுக்காமல் வைத்திருக்கிறோம். அவர் சபூர் செய்கிறார், ஆனால் இரவில் முனகுகிறார். நோய் என்னவென்று அவருக்குச் சொல்லவும் இல்லை.
வாசகர், கிண்ணியா

பதில்: அந்தக் குளிசையை வைத்தியர் எழுதியபடி இன்றிரவே தொடங்குங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அலுமாரியில் மருந்து இருக்க, அடுத்த அறையில் மனிதர் முனகிக்கொண்டிருப்பதுதான்.

நோவுக்காக, வைத்தியரின் அளவில், மோர்பின் எடுப்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. உடல் அந்த மருந்துக்குப் பழகும், அது வேறு விடயம். திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தொடங்கினால் ஆள் முடிந்தது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், நம் ஊரில் அதைக் கடைசி நாட்கள் வரை கொடுக்காமல் வைத்திருந்து பிறகு தொடங்குகிறோம்; மரணம் வந்ததும் பழி மருந்தின் மேல் விழுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட புற்றுநோய் நோத்தணிப்பு வழிகாட்டி வலியுறுத்தியது இதையே: வாயால் கொடு, நேரம் தவறாமல் கொடு, நோவின் அளவுக்கு ஏற்ற மருந்தைக் கொடு. நோவு வந்த பின் கொடுப்பதைவிட, வருமுன் கொடுத்தால் குறைந்த அளவே போதும். சாதாரண மோர்பின் குளிசை ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 12 மணித்தியாலத்துக்கு. உங்களிடம் இருப்பது எது என்பதை மருந்தாளரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மெதுவாகக் கரையும் வகையை நொறுக்கவோ கரைக்கவோ கூடாது, முழு அளவும் ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம், பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் குறையாது. மோர்பின் இருக்கும்வரை மலமிளக்கியும் இருக்க வேண்டும். தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஈரல் பாதிக்கப்பட்டவர்களில் மருந்து உடலில் தேங்கக்கூடும் என்பதால், தட்டியும் எழுப்ப முடியாத உறக்கமோ மிக மெதுவான மூச்சோ கண்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் கொண்டு போங்கள். மார்க்க ரீதியான ஐயத்தை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள், ஆனால் கேட்கும்போது கேள்வியை முழுமையாகச் சொல்லுங்கள்: வைத்தியர் எழுதித் தந்த மருந்து, நோவு தணிக்க, மயங்குவதற்கு அல்ல. நோவினால் இருந்து தொழ முடியாத மனிதர் நோவு தணிந்ததும் கதிரையில் இருந்து தொழுததை நான் விடுதியில் கண்டிருக்கிறேன்.

மாதந்தோறும் மஹரகம வரை அவரை வாகனத்தில் குலுக்கிக்கொண்டு போவது தேவைதானா என்று அங்குள்ள வைத்தியரிடமே கேளுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. நோத்தணிப்பு மருந்தைத் திருகோணமலையிலேயே பெற ஒரு கடிதம் தரச் சொல்லுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரத் தாதி உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பது அவர்களுடைய பணியில் சேர்ந்தது.

சொல்லாமல் வைத்திருப்பது பற்றி. மூன்று தடவை மஹரகம போய்வந்த மனிதருக்கு அது எந்த நோய்க்கான வைத்தியசாலை என்பது தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? அவர் உங்களுக்காக மறைக்கிறார், நீங்கள் அவருக்காக மறைக்கிறீர்கள். போட்டு உடைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, “வாப்பா, உங்கட வருத்தத்தப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அவர் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள், கேட்காததைத் திணிக்காதீர்கள். கொடுக்கல் வாங்கல், யாரிடமோ பட்ட கடன், காணி, பேசாமல் இருக்கும் தம்பி என்று அவருக்கு முடிக்க வேண்டியவை இருக்கும். அவற்றை அவர் வாயால் சொல்லி முடிக்கும் காலத்தை நீங்கள் பறித்துவிடக் கூடாது.

கேள்வி: அப்பப்பாவுக்கு 90 வயதாகிறது, சிறுநீரகமும் இதயமும் இயங்குவது குறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து நாளாகச் சாப்பாடு இல்லை, பெரும்பாலும் உறக்கம். சேலைன் ஏற்றவில்லையே, பட்டினி போட்டுக் கொல்கிறீர்களா என்று பார்க்க வருபவர்கள் கேட்கிறார்கள். பால் பருக்கவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?
வாசகி, தம்பலகாமம்

பதில்: நீங்கள் யாரையும் பட்டினி போடவில்லை. உடல் தன் வேலையை ஒவ்வொன்றாக நிறுத்தும்போது பசியையும் நிறுத்திவிடுகிறது. சாப்பாடு குறைந்ததால் முடிவு நெருங்கவில்லை, முடிவு நெருங்குவதால் சாப்பாடு குறைகிறது. சிறுநீரகமும் இதயமும் ஓய்ந்தவருக்குச் சேலைன் ஏற்றினால் அந்த நீர் வெளியேற வழியின்றிக் காலில் வீக்கமாகவும் நுரையீரலில் சளியாகவும் தேங்கி மூச்சை முட்டச் செய்யும். பார்க்க வருபவர்களுக்கு இதை நீங்கள் ஒவ்வொரு நாளும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் மூத்த ஒருவர் வாசலிலேயே சொல்லிவிடட்டும்.

பால் பருக்குவது நம் வழக்கம், அதன் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் உணர்வு மங்கியவரின் வாயில் கரண்டியால் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள்தான் போகும். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு கரண்டி ஊற்ற, கடைசி மணித்தியாலம் முழுவதும் திணறிக்கொண்டே போன ஒரு பெரியவரை என்னால் மறக்க முடியவில்லை. சுத்தமான பஞ்சைப் பாலிலோ தீர்த்தத்திலோ நனைத்துப் பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒற்றுங்கள். பேரப்பிள்ளைகள் எல்லோரும் அதைச் செய்யலாம். வாய் உலர்வதுதான் அவருக்குத் தாகமாகத் தெரியும். ஆகவே மணித்தியாலத்துக்கு ஒரு தடவையாவது நனைத்த பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் சிறிது தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கண் விழித்து, தலையைத் தூக்கி, விழுங்க முடிகிற நேரத்தில் அவர் கேட்டால் ஐஸ்கிறீமோ இளநீரோ சிறு கரண்டியில் கொடுக்கலாம்.

இனி வரக்கூடியவற்றை முன்னரே சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் பயம் குறையும். உறக்கம் கூடும். கை கால் குளிர்ந்து, முழங்காலிலும் பாதத்திலும் நீலம் படர்ந்த திட்டுக்கள் தோன்றும். சிறுநீர் குறைந்து கறுக்கும். மூச்சு வேகமாக வந்து, பிறகு மெதுவாகி, அரை நிமிடம் நின்று, மீண்டும் தொடங்கும். தொண்டையில் களகளவென்று ஒரு சத்தம் வரலாம். விழுங்கப்படாத எச்சில் அங்கே தேங்குவதால் வருவது அது, கேட்பவரை வருத்தும் அளவுக்கு அவரை வருத்துவதில்லை. தலையை உயர்த்தி ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறுவதுபோல் இருந்தால் யன்னலைத் திறந்து, முகத்தில் காற்றுப் படும்படி மெல்ல விசிறுங்கள், கூட்டமாகச் சூழ்ந்து நிற்க வேண்டாம். நோவோ பதகளிப்போ தெரிந்தால், அதற்கும் அந்தச் சத்தத்தைக் குறைக்கவும் மருந்துகள் உண்டு. வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்கும் சக்தி கடைசி வரை இருக்கக்கூடும் என்பதால், அவருடைய தலைமாட்டில் காணிப் பங்கைப் பற்றியோ சவப்பெட்டியைப் பற்றியோ பேசாதீர்கள். திருமுறை படியுங்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அழைத்தால் தொலைபேசியை அவர் காதருகே பிடியுங்கள்.

குடும்பத்தார் எல்லோரும் இன்றே ஒரு முடிவுக்கு வர வேண்டியது இது: மூச்சு நின்றால் அம்புலன்ஸை அழைப்பதா, வீட்டிலேயே போக விடுவதா. முடிவு எடுக்காத வீடுகளில் இரவு 3 மணிக்கு யாரோ ஒருவர் பதறி அழைக்க, அந்த முதியவர் வாகனத்துக்குள்ளே இறந்துபோகிறார். அவர் முன்பு என்ன சொல்லியிருந்தார் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பார்த்த வைத்தியரிடம், இனி நோகாமல் பார்ப்பதே நோக்கம் என்று கிளினிக் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தையும் நோய் நிர்ணய அட்டையையும் அடையாள அட்டையையும் ஒரே உறையில் வையுங்கள். வீட்டில் மரணம் நிகழ்ந்தால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து அவருடைய அறிக்கையைப் பெற்று, பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிய வேண்டும். நோயின் வரலாறு அந்த உறைக்குள் இருந்தால் தேவையற்ற விசாரணைகள் குறையும்.

கேள்வி: கணவருக்கு முள்ளந்தண்டில் அடிபட்டு இரண்டு வருடமாகப் படுக்கை. நான் ஒருத்திதான் பார்க்கிறேன். சில நேரம் அவர் போய்விட்டால் நல்லது என்று நினைத்துவிட்டு அழுகிறேன்.
வாசகி, மூதூர்

பதில்: சகோதரி, அந்த நினைப்பு களைப்பினால் வருவது. நீங்கள் கெட்ட மனைவி என்பதற்கு அது சாட்சியாகாது. உங்களுக்கு இப்போது வேண்டியது அறிவுரையைவிட உறக்கம். கிழமையில் ஒரு பகலும் ஓர் இரவும் வேறொருவர் பார்க்க வேண்டும். யாரிடமும் பொதுவாக உதவி கேட்காமல், “வெள்ளிக்கிழமை 2 மணியிலிருந்து 6 மணி வரை வந்து இருங்கள்” என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். உறங்க முடியாமல், சாகத் தோன்றுகிற அளவுக்குப் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

இதை வாசிக்கும் கோயில் சபையாருக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும், சனசமூக நிலையத்தாருக்கும் ஒரு வார்த்தை. கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993இல் ஒரு சிறு கிளினிக்காகத் தொடங்கிய நோத்தணிப்புப் பணி, அயலவர்களைப் பயிற்றி வீடு வீடாக அனுப்பும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவும் ஆனது. அங்கே வீட்டுக்குப் போகிறவர்களில் பலர் ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள். திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் இத்தனை கைகளைச் சேர்க்கத் தெரிந்த நமக்கு, ஒரு தெருவில் படுக்கையிலிருக்கும் இரண்டு பேரை மாறி மாறிப் பார்க்க ஆறு பேரைச் சேர்ப்பது முடியாத காரியமா?

கேள்வி: அம்மாவின் அந்தியேட்டி முடிந்து இரண்டு கிழமை. இரவில் அவர் கூப்பிடும் சத்தம் கேட்டு எழும்பிவிடுகிறேன். எனக்கு மூளைக் கோளாறா? மிஞ்சிய மருந்துகளையும் காற்று மெத்தையையும் என்ன செய்வது?
வாசகி, குச்சவெளி

பதில்: கோளாறு இல்லை. மாதக்கணக்கில் அந்தக் குரலுக்கு எழும்பிப் பழகிய உடல் இன்னும் எழும்புகிறது. இறந்தவரின் குரல் கேட்பதும் உருவம் தெரிவதும் துக்க காலத்தில் பலருக்கு நடப்பவை, காலப்போக்கில் குறையும். பல மாதங்கள் கழிந்தும் சமைக்க, குளிக்க, பிள்ளைகளைக் கவனிக்க முடியாமல் இருந்தால் மட்டும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

மோர்பின் மிஞ்சியிருந்தால் அதைத் தந்த வைத்தியசாலையின் மருந்தகத்தில் திருப்பிக் கொடுங்கள். அயலில் யாருக்கோ நோவு என்று இரக்கப்பட்டும் கொடுக்க வேண்டாம், அவருக்கு அந்த அளவு உயிராபத்தாகலாம். கிணற்றிலோ கடலிலோ கொட்டவும் வேண்டாம். ஊசிகளை மூடியுள்ள தடித்த போத்தலில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். காற்று மெத்தையின் மோட்டரைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து, மெத்தையைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நிழலில் உலர்த்தி, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொல்லி வையுங்கள். அதற்குக் காத்திருக்கும் வீடு ஒன்று எப்போதும் இருக்கும்.